பல் டாக்டரால் வந்த வினை

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள மகன் சாவியோவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உடம்பைத் தவிர மற்றதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பாவின் கம்பெனியில் நடந்த வாயுக் கசிவைப் பற்றி இன்று சர்க்கார் விசாரணை, அவர் உள்ளே போய் வெகு நேரம் ஆகிறது, நான் அறைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு எடுத்த காலத்துப் பழக்கம், கோடு போட்ட காகிதம் எப்போதும் பையில் இருக்கும். எழுதாமல் இருந்தால் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். நன்றாக எண்ணெய் போட்ட கதவு, திறந்தாலும் மூடினாலும் சத்தம் வருவதில்லை. நான் படிக்கிற கதைகளில் சத்தம் வராத கதவுக்குப் பின்னால் நல்லது நடந்ததாக ஞாபகம் இல்லை.

நீ பாதிதான் கேட்டிருக்கிறாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கீழ்வீட்டு நசீர் அப்பாவின் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தானே, மழைக்கு முன்னால் ஒரு காலையில் அவன் குழாய்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வால்விலிருந்து வாயு கசிந்து மயங்கி விழுந்துவிட்டான். உயிர் பிழைத்தான், ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. கிரிக்கெட்டில் உன்னை ஓட ஓட விரட்டியவன் இப்போது ஒரு மாடி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அன்று வாசனை நம் வீடு வரைக்கும் வந்தது. நம் பக்கத்து மூக்குகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வடக்கேயிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்துவோம், கடல்காற்று வந்தால் திறப்போம், இது எந்தக் கம்பெனி வாசனை என்று மாடிக்கு மாடி சண்டை போடுவோம், அத்தோடு சரி. நானும் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு ஜமீன் பங்களாவில் மூன்றாவது பிணம் விழுகிற இடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நசீரின் மனைவி மெஹ்னாஸ் மாடியேறி ஓடிவந்து கதவைத் தட்டியபோது பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கம்பெனி என்ன சொல்கிறது என்றால், அந்த வால்வில் பழுது இருந்ததாக யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நசீர்தான் யாரையும் கேட்காமல் அதைத் திருகிவிட்டான், தப்பு அவனுடையது, ஆகவே வைத்தியமும் வேலையும் எங்கள் பொறுப்பு இல்லை என்கிறது. ஆனால் வால்வு சரியாக மூடவில்லை என்று பல வாரங்களுக்கு முன்பே அப்பா இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் சொல்லியிருக்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சு, பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. விபத்துக்குப் பிறகு அப்பா வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் ரிடையர்மென்ட், அதோடு அவர் சுபாவம் உனக்குத் தெரியும், கொசுவை அடித்தால்கூட முகத்தில் ஒரு வருத்தம் தெரியும். கீழ்வீட்டைத் தாண்டும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகிக்கொண்டார். நானும் பேசாமல் இருங்கள் என்றுதான் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து உன் பார்சல் வந்தது. அப்பா மனசு சரியில்லாமல் இருக்கிறார், தெம்பு கொடுக்கிற நாவலாக நாலு அனுப்புகிறேன் என்று நீ ஆன்லைனில் போட்டது. அவர் அன்றுவரை படித்த ஒரே இலக்கியம் ஷிப்ட் அட்டவணை. முதல் புத்தகத்தை நானும் படித்தேன். அதில் ஒரு பல் டாக்டர். வாழ்க்கை கசந்துபோய் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, ஆளில்லாத கலங்கரை விளக்கம் ஒன்றில் போய்த் தங்கி, தினமும் ஒரு உண்மையை உரக்கச் சொல்லிப் பழகுகிறார். கடைசியில் அவருக்கு உள்ளே ஒளி தெரிகிறது. அந்த ஊரில் பல்வலி வந்தவர்கள் கதி என்ன ஆயிற்று என்று ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. இந்த வகை நாவல்களில் மனம் மாற வேண்டுமென்றால் மலைக்குப் போகிறார்கள், தீவுக்குப் போகிறார்கள், வாடகை யார் கட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. காலடிப்பேட்டையில் இரண்டு அறை வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது மனம் மாறியதாக ஒருவரும் எழுதியதில்லை என்று நான் சொன்னேன். உன் அப்பா அதைச் செய்து காட்டிவிட்டார்.

தினம் ஒரு உண்மை என்று ஆரம்பித்தார். முதல் உண்மை என் மீன் குழம்பில் கல்யாணம் ஆன நாளிலிருந்தே புளி அதிகம் என்பது. இரண்டாவது, மூன்றாம் மாடி ஜானட்டின் வீட்டுக்காரர் கோயில் பாடற்குழுவில் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்பது. இப்படியே சில்லறை உண்மைகளாகப் போய்க்கொண்டிருந்தவர் ஒருநாள் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்று, "ஐரீனு, வால்வு விஷயத்த சொல்லிடப் போறேன்" என்றார். நான் அடுப்பை அணைத்தேன். பருப்பு வேகவில்லை.

இப்போது என் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் செய்தது உனக்குப் புரியாது. நம் கட்டடத்தில் மாதாமாதம் ஒரே ஒரு மர்ம நாவல் வாங்குவது உனக்குத் தெரியும். முறை வைத்து ஒருத்தி வாங்குவாள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உரக்கப் படிப்பேன், ஜானட், மெஹ்னாஸ், மெஹ்னாஸின் மாமியார் மூவரும் இறாலோ பூண்டோ உரித்துக்கொண்டு கேட்பார்கள். ஒரு தடவை ஜானட் கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, டாக்டர்தான் கொலைகாரன் என்று மாடிப்படியில் நின்று அறிவித்துவிட்டாள். அதிலிருந்து யார் வாங்குகிறாளோ அவள் கடைசி அத்தியாயத்துக்கு ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்துவிட வேண்டும், எல்லோரும் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும் என்று சட்டம். இப்படிப் படித்துப் படித்து எனக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. எனக்கு எல்லாம் தெரியும், போனில் வேண்டாம், நேரில் சொல்கிறேன் என்று எவன் சொல்கிறானோ அவன் அடுத்த அத்தியாயத்தில் உயிரோடு இருக்க மாட்டான். அப்பா யூனியன் செயலாளரிடம் அந்த வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் போனில் சொன்னார். நான் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாளே எதிர் டீக்கடையில் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் டீ குடித்துக்கொண்டு நம் வாசலைப் பார்த்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். நான் ஜன்னல் ஓரமாக ஒளிந்து நின்று ஜானட்டுக்குக் காட்டினேன். அவள் நேரே இறங்கிப் போய், "இன்னா நைனா, மண்டையில புண்ணா? ரெண்டு நாளா தொப்பிய கயட்டாம டீ குடிக்கிற?" என்று கேட்டிருக்கிறாள். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு, "முடி எடுத்துட்டாங்கக்கா, மொட்ட கண்ணாடி மாறி கீது, பசங்கோ கலாய்க்கிறானுங்கோ" என்றானாம். அவன் நம் வாசலைப் பார்த்ததும் கேபிள் இழுப்பதற்காகத்தான். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு அப்பாவியாக ஒருவன் இருக்க முடியுமா என்று அவனையே இன்னும் இரண்டு நாள் கவனித்தேன்.

உண்மையில் வர வேண்டியவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். கம்பெனியின் நல அதிகாரி ரகுபதி. எனக்குத் தெரிந்த வில்லன்களுக்குக் கன்னத்தில் வெட்டு இருக்கும், குரல் கரகரக்கும். இவர் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்தார், என் முழங்கால் வலிக்கு ஒரு எண்ணெய் பெயர் சொன்னார், சிலுவையைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பாவிடம், கடைசி வருஷம் சார், நிம்மதியா முடிச்சிட்டுப் போகணும் என்றார். எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்து, "டப்ளின்ல இப்ப ரொம்பக் குளிராமே, தம்பி தனியாத்தான் இருக்காப்லயா?" என்று கேட்டார். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று நானும் அவரிடம் சொன்னதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. அவர் போன பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை, எறும்புகூட இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் காசிமேட்டில் மீன் வாங்கிவருகிறேன் என்று அப்பா பையை எடுத்துக்கொண்டு போனார். சாப்பாட்டு நேரம் ஆயிற்று, ஆள் இல்லை. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது. மீன் கடையில் கேட்டால் வரவே இல்லை என்கிறார்கள். வழக்கம்போல மூவரும் படிக்கக் கேட்க வந்து உட்கார்ந்தார்கள், இந்த மாதம் மெஹ்னாஸ் முறை, அவள்தான் புத்தகம் கொண்டுவந்தாள். நான் ஒரு பக்கம் படித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு சாட்சியின் வண்டி மட்டும் பாலத்தடியில் கிடைக்கிறது. அதற்கு மேல் எனக்கு எழுத்து தெரியவில்லை. அதுவரை படித்த அத்தனை கதையும் ஒன்றாகச் சேர்ந்து, அப்பாவை எங்கோ ஒரு குடோனில் நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. போனை எடுத்து, ரகுபதி கொடுத்துவிட்டுப் போயிருந்த நம்பருக்குப் போட்டேன். நம் வீட்டில் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைப்பேன், நீ பேசினால் எல்லோரும் கேட்பார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தில் கை தானாக அந்த பட்டனை அமுக்கிவிட்டது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், அவர ஒண்ணும் பண்ணிடாதீங்க. அவரு வால்வு பத்தி வாயே தொறக்க மாட்டாரு, நான் கியாரண்டி. பழி நசீர் மேலேயே இருக்கட்டும்." இதைச் சொல்லும்போது நசீரின் மனைவி என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ரகுபதி, "ரொம்ப நல்ல முடிவும்மா. சார் அப்பவே வால்வப் பத்திச் சொன்னாரு, இல்லேங்கல. அத நாங்களும் மறந்துடறோம், அவரும் மறந்துடட்டும். அந்தப் பையன் சின்ன வயசு, எங்கயாவது பொழச்சிக்குவான்" என்றார். குடோனைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னவென்றே தெரியாதவர் போலத்தான் பேசினார். நான் நன்றி என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். மெஹ்னாஸ் மடியிலிருந்த பூண்டுத் தோலை ஒன்றுவிடாமல் பொறுக்கி முறத்தில் போட்டாள். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நல்லா கத படிக்கிறக்கா நீ" என்றாள், மாமியாரைக் கைபிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜானட் மட்டும் இருந்தாள். எப்போதும் நாலாவது அத்தியாயத்தில் தூங்கிவிடுகிறவள். "தே, இரு இரு. அவரு அப்பவே சொன்னாருன்னு அந்தாளே சொல்றானே. அப்போ அவனுங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை, சாவியோ. இத்தனை வருஷம் கொலைகாரன் எந்த இடத்தில் வாய் தவறுவான் என்று பக்கம் பக்கமாகத் தேடியவள், ஒருவன் என் வீட்டு நடுக்கூடத்தில் வாய் தவறியபோது நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா வந்தார். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது, பையில் மீன் இல்லை, முகத்தில் ஒரு அமைதி. அந்த அமைதியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை எந்த வகை நாவலிலும் நான் படித்ததில்லை. பல் டாக்டர் பதினோராம் அத்தியாயத்தில், பெரிய காரியத்துக்கு முன்னால் போனை அணைத்துவிட்டு ஒரு பகல் முழுவதும் தண்ணீர் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாராம். அதற்காக இவர் முகத்துவாரக்குப்பம் போய்க் கரைக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உள்ளவர்களுக்கு இது புரியவில்லை. ஒருவர் வந்து, "இன்னா நைனா, எதுனா தொலச்சிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். இவர் மௌனவிரதம், பதில் சொல்லவில்லை. உயிரை விடத்தான் வந்திருக்கிறான் என்று முடிவு கட்டி, வலை பின்னுகிற இரண்டு பேரை அவருக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகக் காவல் போட்டுவிட்டார்கள். ஒரு அம்மா கஞ்சி கொண்டுவந்து, "எந்தப் பொண்டாட்டிதான் திட்டல, அதுக்கோசரம் கடல்ல வுயுவியா? குடி" என்று அதட்டிக் குடிக்க வைத்திருக்கிறாள். பொழுது இறங்கியதும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நேராக வீட்டில் இறக்கு என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்களாம்.

நடந்ததை நான் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் சிலுவைக்குக் கீழே இருந்த உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ குடுத்தது உன் வாக்கு. அத வச்சி என்னை கட்ட முடியாது" என்றார். பிறகு கீழே இறங்கிப் போனார், இந்தத் தடவை செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்டது. நசீரின் வீட்டில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, நான் போகவில்லை, போகிற முகம் எனக்கு இல்லை. மறுநாள் ரகுபதி முன்னதைவிடப் பெரிய பெட்டியோடு வந்தார். அப்பா வாசலிலேயே அதைத் திருப்பிக் கொடுத்து, விசாரணையில் பேசத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டார். ரகுபதி சிரிப்பு மாறாமலேயே, "அப்ப மேடம் போன் பண்ணி பேரம் பேசினாங்கன்னு நாங்க சொல்ற மாதிரி ஆயிடுமே சார்" என்றார்.

ஆக நிலைமை இதுதான். அப்பா உள்ளே போய் உண்மையைச் சொன்னாலும், இவர் பெண்டாட்டி போன் பண்ணி விலை பேசினாள், படியவில்லை என்றதும் கதை கட்டுகிறார் என்று அவர்கள் சொல்வார்கள். அதை உடைக்க ரகுபதி போனில் சொன்ன அந்த வார்த்தைகள்தான் உண்டு. அதை நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் போனில் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். சாட்சிக்கு ஜானட் இட்லிப் பொட்டலத்தோடு வந்திருக்கிறாள். நான் சொல்லாமல் விட்டால் நசீர் காலத்துக்கும் வால்வைத் திருகினவனாகவே இருமிக்கொண்டிருப்பான்.

அவனும் வந்திருக்கிறான். இந்தக் கட்டடத்தில் லிப்ட் இல்லை, இரண்டு மாடி ஏறிவந்து எதிர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான், மூச்சு விசில் மாதிரி கேட்கிறது. மெஹ்னாஸ் என் பெஞ்சிலேயே அந்தக் கோடியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சற்று முன் ரகுபதி இந்த வழியாகப் போனார், நின்று, முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்த எண்ணெயைத் தடவினேன், குணம் தெரிகிறது என்றேன். பொய் இல்லை, உண்மையிலேயே குணம் தெரிகிறது.

நீ அனுப்பிய அந்தப் புத்தகம் மட்டமான புத்தகம் என்ற என் அபிப்பிராயத்தில் மாற்றம் இல்லை. வாக்கியங்களில் சர்க்கரை அதிகம், பல் டாக்டருக்குத் தெரிய வேண்டாமா. ஆனால் பயந்த மனிதர் ஒருவர் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். நான் நல்ல புத்திசாலித்தனமான புத்தகங்களைப் படித்துவிட்டுக் கீழ்வீட்டுப் பிள்ளையை விற்றேன். இதை விமர்சனமாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதுதான் கதவு திறந்தது. அப்பா வெளியே வந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருக்கிறது. "சொல்லிட்டேன் ஐரீனு. போன் விஷயத்த கேட்டாங்க. பேசினது அவதான், அவளையே கேளுங்கன்னேன். உன்ன கூப்புடப் போறாங்க" என்கிறார். நசீருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். இதை எழுதும்போதே மெஹ்னாஸ் பைக்குள்ளிருந்து இந்த மாத நாவலை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தாள். "பின்னு பிரிக்கல" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம்தான் சொன்னாள். கடைசி அத்தியாயத்தில் பின் அப்படியே இருக்கிறது.

நேரம் இல்லை, முடிக்கிறேன். மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அப்பாவின் ஆசீரும் என் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. வெளியே போகும்போது குல்லாவை மறக்காதே, தனியாக இருக்கிறாயா என்று தெரியாதவன் கேட்டால் பதில் சொல்லாதே. பல் டாக்டர் நாவலுக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம், அப்பா கேட்டால் எங்கேயும் கிடைக்கவில்லை என்று சொல். இந்தக் காகிதங்களை மடித்து, உன் விலாசம் எழுதிய உறையில் போட்டு, ஒட்டாமல் மெஹ்னாஸ் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறேன். அவளிடம் வாயால் கேட்க முடியாத மன்னிப்பு இதில் இருக்கிறது, படித்தால் படிக்கட்டும், கிழித்தால் கிழிக்கட்டும். இது உனக்கு வந்து சேர்ந்தால், அவள் படித்து, ஒட்டி, தபாலில் சேர்த்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்.

உன் அம்மா,
ஐரீன் ஜார்ஜ்